கணக்கு முடியும் நாள்: சுங்கச் சாலைகளின் நிதியும் ஒப்பந்தமும்



பொதுப்பணியில் கட்டுமானத் திறமும் கணக்கு நேர்மையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியக் கூடாது என்ற எண்ணத்தோடு நிறுவப்பட்ட அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அந்த எண்ணத்துக்குப் பொருத்தமாக, நாம் எல்லோரும் அன்றாடம் பணம் கட்டிக் கடந்துபோகும் சுங்கச் சாலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “போட்ட பணத்தை இன்னுமா எடுக்கவில்லை? எத்தனை நாளைக்குத்தான் வசூலிப்பார்கள்?” அதைச் சாதாரணப் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. நெடுஞ்சாலை நிதியியலின் மையக் கேள்வியே அதுதான். தனியாரைக் கொண்டு சாலை போடுவதில் தவறில்லை. கணக்கு முடியும் நாளைத் தெளிவாக எழுதாமல் ஒப்பந்தம் போடுவதுதான் தவறு. இந்த உரையில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

1. பணம் எங்கிருந்து வருகிறது?

சுதந்திரத்துக்குப் பிறகு நீண்ட காலம் தேசிய நெடுஞ்சாலைகள் வரிப்பணத்தில்தான் போடப்பட்டன. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1995இல் திருத்தப்பட்டது. தனியார் பணம் போட்டுச் சாலை அமைக்கவும், அதற்காகக் கட்டணம் வசூலிக்கவும் அந்தத் திருத்தம் வழி திறந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டப்படி உருவான தேசிய நெடுஞ்சாலை ஆணையம் முழு அளவில் இயங்கத் தொடங்கியதும் 1995இல்தான். ‘பி.ஓ.டி.’ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் ‘கட்டு, இயக்கு, ஒப்படை’ முறை இப்படித்தான் இங்கே வேர் பிடித்தது.

அந்த முறையின் உள்ளமைப்பைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஒப்பந்தப்புள்ளியில் வென்ற நிறுவனம், அந்த ஒரே சாலைக்காகத் தனியாக ஒரு கம்பெனியைப் பதிவுசெய்கிறது. அந்தக் கம்பெனிக்கு நிலம் சொந்தமில்லை, சாலையும் சொந்தமில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் உரிமை மட்டுமே அதன் சொத்து. செலவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை நிறுவனம் பங்கு மூலதனமாகப் போடும். மீதி 70 விழுக்காடு வங்கிக் கடன். கட்டணத்தை மட்டும் வைத்துச் செலவை ஈடுகட்ட முடியாத சாலைக்கு அரசு மானியம் தருகிறது. மத்திய அரசின் திட்டப்படி அது 20 விழுக்காடு வரை போகலாம். திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பு இன்னொரு 20 விழுக்காடு வரை சேர்க்கலாம். ஆக, தனியார் சாலை என்று பெயர் பெற்ற சாலையிலும் நிலம் அரசுடையது, மானியம் அரசுடையது, கடனில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளின் வைப்பாளர்கள் பணம். இது தனியார் பணம் மட்டுமே என்ற எண்ணத்தை நாம் முதலில் விட்டுவிட வேண்டும்.

வங்கி எதை நம்பிக் கடன் தருகிறது? ஏலம்விட அங்கே கட்டடம் இல்லை. நாளை வரப்போகும் வண்டிகள்தான் ஈடு. அதனால் வசூலாகும் பணம் முழுவதும் ‘எஸ்க்ரோ’ என்ற தனிக் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து பணம் வெளியேற வரிசை உண்டு. முதலில் வரி, அடுத்துப் பராமரிப்புச் செலவு, அதன்பின் ஆணையத்துக்குச் சேர வேண்டியது, பிறகு கடன் தவணை. எல்லாம் போக மிஞ்சியதுதான் பங்குதாரர்களுக்கு. இந்த வரிசை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டால் சாலையும் பிழைக்கும், வங்கியும் பிழைக்கும்.

ஆனால் பி.ஓ.டி. சாலைகளுக்கான மாதிரி ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. சாலை பயன்பாட்டுக்கு வந்தபின் கம்பெனியின் தவறால் ஒப்பந்தம் முறிந்தாலும், நிலுவைக் கடனில் 90 விழுக்காட்டை ஆணையம் வங்கிகளுக்குத் தந்துவிடும். கடன் கொடுப்பவருக்குத் துணிச்சல் தரவே இதை எழுதினார்கள். விளைவு என்ன? சாலையில் உண்மையில் எத்தனை வண்டி ஓடும் என்று துருவிப் பார்க்க வேண்டிய வங்கிக்கு, அந்தக் கவலையே குறைந்துபோனது. எச்சரிக்கையோடு கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பவர் இல்லாமல் போனார்.

2. கட்டணத்தை நிர்ணயிப்பது எது?

சாலைக்கு ஆன செலவைப் பங்கிட்டுத்தான் கட்டணம் வைக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் அப்படியில்லை. 2008 டிசம்பரில் வெளியான கட்டண விதிகள், நான்குவழியும் அதற்கு மேலும் உள்ள சாலைகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான விகிதத்தை வைத்தன. 2007–08ஐ அடிப்படையாகக் கொண்டு காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு. பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு. ஒவ்வொரு ஆண்டும் அடிப்படை விகிதத்தில் 3 விழுக்காடும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் கூடும். பெரிய பாலங்களுக்கும் புறவழிச்சாலைகளுக்கும் தனிக் கணக்கு.

இதன் பொருளைக் கவனியுங்கள். ஒரு சாலையின் செலவு வசூலாகிவிட்டது என்பதால் அந்தச் சாலையில் கட்டணம் நின்றுவிடாது. மூல விதியில், ஒப்பந்தக் காலம் முடிந்து சாலை அரசிடம் திரும்பியபின் கட்டணம் 40 விழுக்காடாகக் குறையும் என்று இருந்தது. அதுவும் பின்னர் திருத்தப்பட்டுவிட்டது. ஒரு சாலையில் வரும் உபரி இன்னொரு சாலைக்கு உதவட்டும் என்பது அரசின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பின்தங்கிய மாவட்டத்துக்கும் சாலை வேண்டுமே. ஆனால் அப்படியானால் இது ஒரு வரி என்பதை அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மக்கள் மன்றத்தில் விவாதித்து வசூலிக்க வேண்டும். சேவைக்கான விலை என்று சொல்லி வரியை வசூலிக்கும்போதுதான் மக்களின் நம்பிக்கை கெடுகிறது.

சேவைக்கான விலை என்றே வைத்துக்கொண்டாலும், சேவை இருக்க வேண்டும். மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலை சீர்கெட்டுக் கிடந்தபோது, 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்றது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் திருச்சூர் மாவட்டம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் வசூலை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. குண்டும் குழியுமான சாலைக்கு முழு விலை கேட்க முடியாது என்பதே இரண்டின் சாரம்.

3. நொய்டா பாலம் சொல்லும் பாடம்

கணக்கு முடியாத ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. தில்லியையும் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவையும் யமுனைக்கு மேலே இணைக்கும் 9.2 கிலோமீட்டர், எட்டுவழி ‘டி.என்.டி.’ சாலை அது. ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் முன்னின்று நடத்திய திட்டம். 1992இல் புரிந்துணர்வு ஒப்பந்தம், 1997 நவம்பரில் உரிம ஒப்பந்தம், 2001 பிப்ரவரியில் திறப்பு. திட்டச் செலவு ரூ.408 கோடி என்று கணக்கிட்டார்கள். பொறியியல் நோக்கில் நல்ல வேலை. நகரத்துக்கு அது தேவைப்பட்டது என்பதிலும் ஐயமில்லை.

சிக்கல் ஒப்பந்தத்தின் ஒரு சூத்திரத்தில் இருந்தது. உரிமக் காலம் 30 ஆண்டு. ஆனால் அதற்குள் மொத்தச் செலவும், அதன்மேல் ஆண்டுக்கு 20 விழுக்காடு ஆதாயமும் வசூலாகாவிட்டால் காலம் நீளும். ஓர் ஆண்டில் அந்த 20 விழுக்காட்டில் எவ்வளவு குறைகிறதோ, அது மொத்தச் செலவோடு சேர்க்கப்படும். அடுத்த ஆண்டு அந்தக் கூடுதல் தொகைக்கும் 20 விழுக்காடு.

மாணவர்கள் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 100 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 விழுக்காடு கூட்டுவட்டி. எதுவும் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். 4 ஆண்டில் அது 207 ரூபாய். 10 ஆண்டில் 619 ரூபாய். 30 ஆண்டில் 23,738 ரூபாய். வசூல் கொஞ்சம் வந்தாலும், அது 20 விழுக்காட்டைவிடக் குறைவாக இருக்கும்வரை பாக்கி ஏறிக்கொண்டேதான் போகும். இறங்காது. நொய்டாவில் நடந்தது இதுதான். வண்டிகள் ஓடின, பணம் வந்தது, பாக்கி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. இந்தக் கணக்கின்படி பாலம் மக்கள் கைக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை.

அந்தக் காலத்தின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 1990களில் வட்டி விகிதம் மிக உயரத்தில் இருந்தது. தனியார் சுங்கச் சாலை என்பது நாட்டுக்குப் புதிது. துணிந்து பணம் போட வருபவர்க்கு உறுதி தர வேண்டும் என்று அதிகாரிகள் நினைத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் உறுதிக்கு உச்சவரம்பு வைக்காததும், போட்டி ஏலம் இல்லாமலே உரிமத்தைக் கொடுத்ததும் எந்தக் காலத்துக்கும் ஏற்கத்தக்கவை அல்ல.

நொய்டா குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் வழக்குத் தொடுத்தது. 2016 அக்டோபர் 26 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் கட்டண வசூலை நிறுத்தியது. மேல்முறையீட்டின்போது உச்ச நீதிமன்றம் கணக்குகளை ஆராயும் பணியைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் ஒப்படைத்தது. 2024 டிசம்பர் 20 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. திட்டச் செலவும் பராமரிப்புச் செலவும் போதிய ஆதாயமும் கம்பெனிக்குக் கிடைத்துவிட்டன. 2016 மார்ச் வரை பங்குதாரர்களுக்கு ரூ.243 கோடி ஈவுத்தொகை போயிருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி கோராமல் உரிமம் தந்தது அரசியல் சட்டத்தின் சமத்துவ நெறிக்கு முரண் என்றெல்லாம் கூறி, உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது.

இந்த வழக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டவர்கள் அன்றாடம் பாலத்தைக் கடந்த குடியிருப்போர். சட்டமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தணிக்கை முன்பே எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி, 12 ஆண்டு நீதிமன்றத்தில் நடந்து விடை பெற்றது. அத்திட்டத்தை முன்னின்று நடத்திய ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமம், 2018இல் ஏறத்தாழ ரூ.91,000 கோடிக் கடனோடு தவணை கட்ட முடியாமல் நொடித்தது. குறுகிய காலத்தில் திருப்ப வேண்டிய கடனை வாங்கி, நீண்ட காலம் கழித்தே பணம் தரும் திட்டங்களில் போட்டது அந்த வீழ்ச்சியின் முக்கியக் காரணங்களில் ஒன்று.

4. வண்டிகளை முன்கூட்டி எண்ணுவது

சுங்கச் சாலையின் நிதி முழுவதும் ஒரே எண்ணைச் சார்ந்து நிற்கிறது: எத்தனை வண்டி வரும்? உலக அளவில் 104 சுங்கச் சாலைகளை ஸ்டாண்டர்ட் அண்ட் பூவர்ஸ் நிறுவனம் ஆராய்ந்தது. முதலாண்டுப் போக்குவரத்து, மதிப்பீட்டைவிடச் சராசரியாகக் கால்பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. இதில் வியப்பில்லை. அதிக வண்டி வரும் என்று நம்புகிறவர்தான் ஏலத்தில் அதிகம் கேட்பார், அவர்தான் வெல்வார்.

கிஷன்கர்–உதய்ப்பூர்–அகமதாபாத் சாலை இதற்குச் சான்று. 555 கிலோமீட்டரை ஆறுவழியாக்கும் திட்டம். ஜி.எம்.ஆர். நிறுவனம் மானியம் கேட்காததோடு, முதலாண்டு ரூ.636 கோடியை ஆணையத்துக்கே பிரீமியமாகத் தருவதாகவும், அதை ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்த்துவதாகவும் சொல்லி 2011இல் வென்றது. 26 ஆண்டுக்கு அதைக் கூட்டினால் ரூ.32,500 கோடியைத் தாண்டும். பொருளாதாரம் தளர்ந்தது, சுற்றுச்சூழல் அனுமதி தாமதமானது. 2013 தொடக்கத்தில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. அப்போது பிரீமியம் ஏற்றிக் கேட்ட வேறு பல நிறுவனங்களும் தவணையை மாற்றித் தரும்படி அரசிடம் வந்து நின்றன.

மதிப்பீடு குறைவாகப் போனாலும் தொல்லைதான். தில்லி–குர்கான் விரைவுச்சாலை 2008 ஜனவரியில் திறந்தபோது, வண்டிகள் கணித்ததைவிடப் பல ஆண்டு முன்னதாகவே வந்து குவிந்தன. தில்லி எல்லைச் சுங்கச்சாவடியில் நாள்தோறும் நெரிசல், வழக்குகள், சச்சரவுகள். கடைசியில் 2014 பிப்ரவரியில் அந்தச் சாவடியையே அகற்ற வேண்டியதாயிற்று.

நம் கோவைப் புறவழிச்சாலையும் இதே வரிசையில் வரும். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை 28 கிலோமீட்டர். 1990களின் இறுதியில் போடப்பட்ட, நாட்டின் முன்னோடி பி.ஓ.டி. ஒப்பந்தங்களில் ஒன்று. இருபுறமும் நெடுஞ்சாலை அகன்றபின்னும், இடையில் இந்தப் பகுதி நெடுங்காலம் இருவழியாகவே நின்றது. ஒப்பந்தம் எழுதியபோது நகரின் வளர்ச்சியை யாரும் சரியாகக் கணிக்கவில்லை. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தொட முடியவில்லை. எதிரே லாரி வரும்போது ஒதுங்க இடமில்லாமல் ஓட்டிய கோவை மக்கள்தான் விலை கொடுத்தார்கள்.

5. முடிவை எழுதிய ஒப்பந்தம்

மெக்சிகோ 1989 முதல் 1994 வரை 50க்கும் மேற்பட்ட சுங்கச் சாலை உரிமங்களை வழங்கியது. குறைந்த ஆண்டுகள் கேட்பவருக்கே உரிமம் என்ற முறை. ஆண்டு குறைந்ததால் கட்டணம் எகிறியது. மக்கள் பழைய சாலையிலேயே போனார்கள். பெசோ சரிந்த நெருக்கடிக்குப் பின், 1997இல் அரசே 23 உரிமங்களைக் கடனோடு ஏற்றுக்கொண்டது.

அதே லத்தீன் அமெரிக்காவில், சிலி நாடு வேறு வழியைக் காட்டியது. 1998இல் சான்டியாகோ–வால்பரைசோ சாலைக்கு நடந்த ஏலத்தில் கட்டணத்தையோ ஆண்டையோ கேட்கவில்லை. “இந்தச் சாலையிலிருந்து, இன்றைய மதிப்பில், மொத்தம் எவ்வளவு வசூல் வேண்டும்?” என்று கேட்டார்கள். குறைந்த தொகை சொன்னவருக்கு உரிமம். அந்தத் தொகை வசூலான நாளில் ஒப்பந்தம் தானாக முடியும். வண்டி அதிகம் வந்தால் சீக்கிரம் முடியும், குறைந்தால் நீளும். மிகையாக மதிப்பிட்டு ஏலம் எடுப்பவருக்கு லாபமில்லை. சாலையை இடையில் அகலப்படுத்த வேண்டி வந்தாலும், மீதித் தொகை எவ்வளவு என்பது இருதரப்புக்கும் தெரியும். அதைக் கொடுத்துச் சாலையைத் திரும்பப் பெறலாம். கோவையில் இல்லாமல் போன வசதி இது.

நொய்டாவிலும் காலம் நீளும், சிலியிலும் காலம் நீளும். வேறுபாடு என்ன? சிலியில் தொகை போட்டி ஏலத்தில் முடிவானது, நாள் போகப்போகக் குறைவது. நொய்டாவில் தொகையைப் போட்டி நிர்ணயிக்கவில்லை, அது நாள் போகப்போக வளர்ந்தது. நம் மாதிரி ஒப்பந்தம் இந்தத் திசையில் பாதி தூரம் வந்திருக்கிறது. இலக்கைவிடப் போக்குவரத்து 1 விழுக்காடு குறைந்தால் உரிமக் காலம் 1.5 விழுக்காடு கூடும். 1 விழுக்காடு மிகுந்தால் 0.75 விழுக்காடு குறையும். கூடுவதற்கு வரம்பு 20 விழுக்காடு, குறைவதற்கு 10. இந்தத் தராசு கம்பெனியின் பக்கம் சாய்ந்திருப்பதை யாரும் காணலாம்.

6. இன்றைய முறைகள்

பி.ஓ.டி.க்கு ஆள் வராமல் போனபோது, 2016இல் அரசு ‘ஹாம்’ என்ற கலப்பு ஆண்டுத்தொகை முறையைக் கொண்டுவந்தது. செலவில் 40 விழுக்காட்டைக் கட்டும்போதே அரசு தருகிறது. மீதியை நிறுவனம் போட்டு, 15 ஆண்டுகளில் ஆறு மாதத் தவணைகளாக வட்டியோடு பெறுகிறது. வண்டி எண்ணிக்கை பற்றிய கவலை முழுவதும் ஆணையத்தின் தலையில். இன்னொரு வழி, கட்டி முடித்த சாலையின் வசூல் உரிமையை மொத்தமாக விற்பது. 2018இல் 9 சாலைகளின் 30 ஆண்டு வசூலுக்கு மெக்குவாரி நிறுவனம் ரூ.9,681 கோடி தந்தது. மும்பை–புனே விரைவுச்சாலையின் வசூல் உரிமை 2004இல் ரூ.918 கோடிக்கும், 2020இல் ரூ.8,262 கோடிக்கும் போனது. ஒரே சாலையின் மதிப்பு எப்படி ஏறுகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. நாளைய வசூலை இன்றே விற்கும் அரசு, விலையை மிகக் கவனமாகக் கணக்கிட வேண்டும்.

7. வேண்டுகோள்

நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, இனி போடும் ஒவ்வொரு சுங்கச் சாலை ஒப்பந்தத்திலும் மொத்த வசூல் தொகைக்கு உச்சவரம்பு எழுதப்பட வேண்டும். அது போட்டி ஏலத்தில் முடிவாக வேண்டும். இரண்டாவது, நெடுஞ்சாலை ஆணையத்தின் சுங்கத் தகவல் தளத்தில் செலவும் வசூலும் சாவடிவாரியாக வெளியாகின்றன. அந்த நல்ல முயற்சி ஒப்பந்தத்தின் முழு வாசகத்துக்கும், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்குக்கும் விரிய வேண்டும்; தமிழில் சாவடியிலும் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, சாலை தரம் குறைந்தால் கட்டணமும் தானாகக் குறையும் விதி வேண்டும். அதற்காக மக்கள் நீதிமன்றப் படி ஏறக் கூடாது. நான்காவது, நிலுவைக் கடனுக்கு 90 விழுக்காடு உறுதி தரும் விதியைத் தளர்த்தி, வங்கிகளும் தங்கள் மதிப்பீட்டுக்குப் பொறுப்பேற்கச் செய்ய வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை சாலை வரைவீர்கள். சிலர் வங்கியில் அமர்ந்து அதற்குக் கடன் எழுதுவீர்கள். சிலர் அரசின் சார்பில் கையெழுத்திடுவீர்கள். எந்த நாற்காலியில் இருந்தாலும், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். இந்தச் சாலை எந்த நாளில், எந்தக் கணக்கின்படி மக்களிடம் திரும்பும் என்பது அங்கே தெளிவாக இல்லையென்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.